வீட்டில் கட்டிய சிஎன்சிக்கு அவசர நிறுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில், என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்று நிற்கிறது. அலுமினியச் சட்டம், அச்சுகளை நகர்த்த நான்கு ஸ்டெப்பர் மோட்டார்கள், வெட்டும் பிட்டைச் சுழற்ற 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். எல்லாம் நானே பூட்டியவை. அதைப் பார்த்துவிட்டு கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நிலாவெளியிலும் சிலர் தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். சட்டம் எந்த அளவு, எந்த மென்பொருள், கட்டுப்பாட்டுப் பலகை எங்கே மலிவு என்று நிறையக் கேட்பார்கள். சிவப்புப் பொத்தானைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்களும் ஏதாவது நடந்த பிறகுதான் கேட்டார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இதில் 230 வோல்ட் வேலை இருக்கிறது. உங்களுக்கு அதில் கைப்பழக்கம் இல்லையென்றால், 24 வோல்ட் பகுதியை மட்டும் நீங்கள் கட்டுங்கள். மற்றதை அனுமதிப்பத்திரம் உள்ள மின்பணியாளரிடம் கொடுங்கள்.

அவசர நிறுத்தம் என்பது என்ன? சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதாதா?

சுவர் சுவிட்ச் பெரும்பாலும் மேசைக்குப் பின்னால், இயந்திரத்தைத் தாண்டி இருக்கும். ஆபத்து நேரத்தில் சுழலும் பிட்டுக்கு மேலாகக் கையை நீட்டி அதைத் தேட முடியாது. அதோடு அது மேலே கீழே என்று சாயும் சுவிட்ச். பதறிய கைக்கு எந்தப் பக்கம் அணைப்பது என்று தெரியாது.

அவசர நிறுத்தத்துக்கென்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது: ஐஎஸ்ஓ 13850. மஞ்சள் பின்னணியில் சிவப்புப் பொத்தான். உள்ளங்கையால் அடித்தாலே உள்ளே போக வேண்டும். போனால் அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டும். திருகியோ இழுத்தோ விடுவித்தால்தான் வெளியே வர வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, விடுவித்த உடனே இயந்திரம் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. விடுவிப்பது தனிச் செயல், மீண்டும் இயக்குவது இன்னொரு தனிச் செயல். நம் வீட்டுக் கொட்டகைக்குச் சான்றிதழ் கேட்டு யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் அந்த விதிகளை எழுதியவர்கள் விபத்துகளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பொத்தானைக் கட்டுப்பாட்டுப் பலகையின் ‘ரீசெட்’ முனையில் கொடுத்துவிட்டேன். அழுத்தினால் எல்லாம் நிற்கிறது. அது போதாதா?

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். என் முதல் இயந்திரத்தில் ஆர்டுயினோ பலகையும் அதில் ஜிஆர்பிஎல் மென்பொருளும் இருந்தன. பொத்தானிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் பலகைக்குப் போயின. பத்து முறை அழுத்திப் பார்த்தேன், பத்து முறையும் நின்றது.

பிறகு ஒருநாள் தேக்குப் பலகையில் ஒரு சாமியறைக் கதவுக்குப் பூவேலை வெட்டிக்கொண்டிருந்தபோது, கான்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) அப்படியே நின்றுவிட்டது. விஎப்டியிலிருந்து (ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வந்த மின் இரைச்சல் யுஎஸ்பி கேபிளில் ஏறிக் கட்டுப்பாட்டுப் பலகையை உறைய வைத்திருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்பிண்டில் மட்டும் நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. முதலில் தேக்கு கருகும் வாசம் வந்தது. பிறகு பூவின் நடுவிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். உறைந்துபோன பலகைக்கு நான் அழுத்துவது எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் பயனில்லை, ஸ்பிண்டிலை நான் விஎப்டியின் முகப்பிலிருந்து கையால்தான் ஓட விட்டிருந்தேன், பலகைக்கு அதன்மேல் அதிகாரமே இல்லை. மேசைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் கருகல் வட்டம் உள்ள பலகைத் துண்டு இன்னும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.

ஜிஆர்பிஎல், மாக்3, லினக்ஸ்சிஎன்சி எதுவானாலும் ‘நிறுத்து’ என்ற உள்ளீடு மென்பொருளிடம் வைக்கும் வேண்டுகோள்தான். மென்பொருள் விழித்திருந்தால் அது நிறைவேறும். அவசர நிறுத்தமோ மென்பொருள் இறந்துபோன நேரத்திலும் வேலை செய்ய வேண்டிய பொருள். ஆகவே அது கம்பியாலும் தொடுமுனைகளாலும் நேரடியாக மின்சாரத்தை வெட்ட வேண்டும். பலகைக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், நல்லதுதான். அது கூடுதல் ஏற்பாடாக இருக்கட்டும்.

ஏன் எல்லாரும் ‘என்.சி.’ தொடுமுனை என்கிறார்கள்? அழுத்தினால் சேரும் பொத்தான் வைத்தால் என்ன?

என்.சி. என்பது அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடுமுனை. அதன் வழியே எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தினால் அறும். என்.ஓ. அதற்கு நேர்மாறு.

என்.ஓ. வைத்த சுற்றில் எலி ஒரு கம்பியைக் கடித்துவிட்டால் உங்களுக்குத் தெரியாது. இயந்திரம் வழக்கம்போல் ஓடும். பொத்தான் செத்துப்போனது அதை அழுத்த வேண்டிய நாளில்தான் தெரியவரும். என்.சி. சுற்றில் அதே எலி கடித்த நொடியே இயந்திரம் நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஒரு மரப்பலகை வீணாகும். ஆனால் பழுது தானே கையைத் தூக்கித் தன்னைக் காட்டிவிடுகிறது. கம்பி அறுந்தாலும், திருகாணி தளர்ந்தாலும், 24 வோல்ட் பவர் சப்ளை செத்தாலும் விளைவு ஒன்றுதான்: இயந்திரம் நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பொத்தான்கள் வைத்தால் எல்லாவற்றையும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடுங்கள். எதை அழுத்தினாலும் சங்கிலி அறும்.

எந்தப் பொத்தானை வாங்குவது? மலிவானவை போதுமா?

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் ஒரே தட்டில் கிடக்கும் இரண்டு சிவப்புப் பொத்தான்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பின்பக்கத்தில்தான் தெரியும்.

திருப்பிப் பாருங்கள். தொடுமுனைக் கட்டையின் மீது ஒரு வட்டத்துக்குள் அம்புக்குறி பொறித்திருக்க வேண்டும். பொத்தானின் தண்டு தொடுமுனையை நேரடியாகத் தள்ளிப் பிரிக்கும், இடையில் சுருள்வில்லை நம்பியிராது என்பதற்கான குறி அது. தொடுமுனைகள் இலேசாக ஒட்டிக்கொண்டாலும் உங்கள் கையின் பலமே அவற்றைப் பிய்த்துவிடும். குறி பொறித்திருந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், போலிகளும் இருக்கின்றன. மல்டிமீட்டரை வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். பொத்தான் பூட்டிக்கொள்வதற்கு முன்பே அல்லது பூட்டிக்கொள்ளும்போதே தொடர்பு அறுந்திருக்க வேண்டும். பூட்டிக்கொண்ட பிறகும் மீட்டர் ‘பீப்’ என்று ஒலித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பழுதைப் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலான பொத்தான்களில் தலை தனி, தொடுமுனைக் கட்டை தனி. கட்டை ஒரு பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டியிருக்கும். இயந்திரத்தின் அதிர்வில் அந்தக் கொக்கி கழன்று கட்டை பெட்டிக்குள் விழுந்தால் என்ன ஆகும்? கட்டை தன் இயல்பு நிலையில், அதாவது மூடிய நிலையில் கிடக்கும். இயந்திரம் ஓடும். வெளியே பொத்தான் அழகாக அழுந்தும், ஆனால் அது எதையும் தள்ளாது. என்.சி. சுற்றையும் ஏமாற்றிவிடும் பழுது இது. நிலாவெளியில் ஒரு தம்பியின் இயந்திரத்தில் பெட்டியைத் திறந்தபோது கட்டை கம்பியில் ஊசலாடிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தலையிலிருந்து கழன்றால் தானே சுற்றை அறுத்துவிடும் கட்டைகளும் விற்கிறார்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கட்டையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், உலோகக் கொக்கியும் பூட்டுத் திருகாணியும் உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள்.

சுற்றை எப்படிக் கட்டுவது? படமில்லாமல் சொல்ல முடியுமா?

முடியும். விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டே போவதுபோல வாசியுங்கள்.

முதலில், சிறிய 24 வோல்ட் டிசி பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வையுங்கள். ஸ்டெப்பர்களுக்கான சப்ளையைக் கடன் வாங்க வேண்டாம். அதன் 230 வோல்ட் இணைப்பு, கான்டாக்டருக்கு (காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் மூடி, எடுத்தால் திறந்துவிடும் பெரிய மின்சுவிட்ச்) முன்னால், மெயின் சுவிட்சிலிருந்து நேராக வர வேண்டும். இதைத் தவறாக கான்டாக்டருக்குப் பின்னால் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். காயிலுக்கு மின்சாரம் வர கான்டாக்டர் மூட வேண்டும், கான்டாக்டர் மூடக் காயிலுக்கு மின்சாரம் வர வேண்டும். இயந்திரம் ஒருபோதும் எழும்பாது.

24 வோல்டின் பிளஸ் முனையிலிருந்து ஒரு கம்பி 1 ஆம்பியர் ஃபியூசுக்குப் போகிறது. (காயில் இழுக்கும் அளவு அதற்குமேல் என்றால் ஃபியூசையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.) அங்கிருந்து முதல் அவசரப் பொத்தானின் என்.சி. தொடுமுனை. அதிலிருந்து இரண்டாவது அவசரப் பொத்தான். பிறகு ‘தொடக்கு’ என்ற பச்சைப் பொத்தான். இது அழுத்தினால் மட்டும் சேரும் என்.ஓ. வகை, கையை எடுத்தால் பிரிந்துவிடும். பச்சைப் பொத்தானிலிருந்து கான்டாக்டர் காயிலின் ஏ1 முனை. ஏ2 முனையிலிருந்து திரும்பி 24 வோல்டின் மைனஸ்.

இப்போது முக்கியமான ஒரு துண்டுக் கம்பி. கான்டாக்டரின் பக்கத்தில் 13, 14 என்று எண்ணிட்ட துணைத் தொடுமுனை இருக்கும். அதைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாக இணையுங்கள். பச்சையை அழுத்துகிறீர்கள், காயில் இழுக்கிறது, ‘டக்’ என்று சத்தம் வருகிறது, 13-14 மூடுகிறது, கையை எடுத்தாலும் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. அவசரப் பொத்தானை அழுத்தினால் சங்கிலி அறுந்து காயில் விடுகிறது. பொத்தானை விடுவித்தாலும் 13-14 திறந்திருப்பதால் எதுவும் ஓடாது, பச்சையை மீண்டும் அழுத்த வேண்டும். முன்பு சொன்ன தரம் கேட்பது இதைத்தான். ஒரு துண்டுக் கம்பி அதைச் செய்துவிடுகிறது.

கான்டாக்டரின் பெரிய முனைகள் வழியாக 230 வோல்டின் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுங்கள். எர்த்தை எந்தச் சுவிட்ச் வழியாகவும் கொண்டுபோகாதீர்கள். டிசி காயிலுக்கு இணையாக ஒரு 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி. அது இல்லாவிட்டால், காயில் விடும்போது எழும் மின்னழுத்தக் குத்து பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பலகையைக் குழப்பும்.

பொத்தான் சுற்றை 5 வோல்டில் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். 24 வோல்ட் என்றால், தொடுமுனையில் படிந்த மெல்லிய அழுக்கை ஊடுருவும், இரைச்சலுக்கும் அசையாது. தொட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லாத அளவும் அதுதான்.

ஸ்டெப்பர் மோட்டார்களை எங்கே வெட்டுவது?

டிரைவருக்கும் (பலகையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) மோட்டாருக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். ஓடும்போது அந்தக் கம்பி பிரிந்தால் மோட்டார்ச் சுருளில் இருக்கும் மின்னோட்டம் வேறு வழியின்றி டிரைவரைக் கொன்றுவிடும்.

ஸ்டெப்பர் பவர் சப்ளைக்குள் போகும் 230 வோல்டை வெட்டுவதே எளிது. சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் சிறிது நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் மோட்டார்கள் அதை விரைவாகக் குடித்துவிடும். அந்தச் சிறு நேரத்துக்காகத்தான் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் ‘நிறுத்து’ என்ற செய்தியை அனுப்பச் சொல்கிறேன். பலகை அனுப்பும் பல்ஸ் (மோட்டாரை அடி அடியாக நகர்த்தும் மின்துடிப்பு) நின்றால் அச்சும் அங்கேயே நிற்கும். டிசி பக்கத்தில் வெட்டினால் இன்னும் விரைவு. ஆனால் டிசியின் பொறி ஏசியினுடையதைப் போலத் தானாக அணையாது. டிசிக்கென்று குறிக்கப்பட்ட கான்டாக்டர் வேண்டும்.

டிரைவரில் ‘எனேபிள்’ என்ற முனை இருக்கிறதே, அதை அவிழ்த்தால் போதாதா என்று கேட்பார்கள். நாம் வாங்கும் பெரும்பாலான டிரைவர்களில் அந்த முனையை வெறுமனே விட்டால் டிரைவர் இயங்கும்; மின்சாரம் கொடுத்தால்தான் அணையும். அதாவது கம்பி அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

ஸ்பிண்டிலுக்கு விஎப்டி இருக்கிறது. அதன் மின்சாரத்தையும் ஒரேயடியாக வெட்டிவிடலாமா?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். கையால் பிடிக்கும் ரவுட்டரை ஸ்பிண்டிலாக வைத்திருந்தால் கேள்வியே இல்லை. வெட்டுங்கள், சில விநாடிகளில் நின்றுவிடும். விஎப்டியால் ஓடும் ஸ்பிண்டில் வேறு வகை. 24,000 சுற்றில் சுழலும் உருளைக்கு நல்ல பேரிங்குகள். மின்சாரத்தை வெட்டினால் அது பம்பரம்போலத் தன்பாட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். நீங்கள் மின்சாரத்தை வெட்டியதால் அதை நிறுத்தும் திறமை உள்ள ஒரே பொருளான விஎப்டியையும் அணைத்துவிட்டீர்கள்.

இயந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐஇசி 60204-1 தரம் இதை அழகாகப் பிரிக்கிறது. மின்சாரத்தை உடனே வெட்டி நிறுத்துவது வகை 0. மின்சாரம் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, நின்ற பிறகு வெட்டுவது வகை 1. நிறுத்திய பிறகும் மின்சாரத்தை விட்டுவைப்பது வகை 2. அது அவசர நிறுத்தத்துக்கு ஆகாது. ஸ்டெப்பர்களுக்கு வகை 0 போதும். விஎப்டி ஸ்பிண்டிலுக்கு நான் வகை 1 தான் சொல்வேன்.

கட்டும் முறை: கான்டாக்டரின் மேல் துணைத் தொடுமுனைகள் கொண்ட கூடுதல் கட்டை ஒன்றைச் செருகுங்கள். அதில் ஓர் என்.ஓ. முனை வழியாக விஎப்டியின் ‘ஓடு’ சிக்னலைக் கொண்டுபோங்கள். கான்டாக்டர் விட்டவுடன் அந்தச் சிக்னல் அறும். விஎப்டி தானே பிரேக் பிடித்து நிறுத்தத் தொடங்கும். இன்னொரு என்.ஓ. முனை, பின்தாமத டைமரைத் தூண்டட்டும். டைமருக்கு நிலையான 24 வோல்ட் தனியே போகும். தூண்டல் அறுந்து, நீங்கள் வைத்த விநாடிகள் கழிந்ததும் டைமர் இரண்டாவது கான்டாக்டரை விடும், அதன் வழியாக (முதலாவதன் வழியாக அல்ல) விஎப்டிக்குப் போகும் 230 வோல்ட் வெட்டப்படும். என் இயந்திரத்தில் விஎப்டியின் வேகக்குறைப்பு நேரம் 2 விநாடி, டைமர் 4 விநாடி. ‘ஓடு’ சிக்னலை விஎப்டி மதிக்காமல் போனாலும் நான்காவது விநாடியில் மின்சாரம் போய்விடும்.

இதற்கு விஎப்டியை முகப்புப் பொத்தான்களால் ஓட்டும் பழக்கத்தை விட்டு, முனைகள் வழியாக ஓடும்படி அமைப்பை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சிக்னல் அறுந்ததை அது கவனிக்காது. என் தேக்குப் பலகை கருகியதற்கும் பாதிக் காரணம் அதுதான். நிறுத்தும் முறை ‘வேகம் குறைத்து நிறுத்து’ என்று இருக்கிறதா, ‘சும்மா விடு’ என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகக்குறைப்பு நேரத்தை ஆசைக்கு அரை விநாடி என்று வைத்தால், சுழற்சியில் இருந்த ஆற்றல் திரும்பி விஎப்டிக்குள் ஏறும். மின்னழுத்தம் கூடிவிட்டது என்று அது பிழை காட்டிக் கையை விட்டுவிடும், ஸ்பிண்டில் மறுபடி பம்பரமாகும். அந்த ஆற்றலை வெப்பமாக எரித்துவிடும் பிரேக் ரெசிஸ்டரை இணைக்கும் முனை உங்கள் விஎப்டியில் இருந்தால், அதன் கையேடு சொல்லும் ஓம், வாட் அளவில் ஒன்றை இணையுங்கள். இல்லையென்றால் பிழை வராத ஆகக் குறைந்த நேரத்தைச் சோதித்துக் கண்டுபிடித்து, டைமரை அதைவிட இரண்டு விநாடி கூட்டி வையுங்கள்.

மின்சாரம் வெட்டியபின்னும் விஎப்டியின் உள்ளே 300 வோல்டுக்கு மேல் டிசி சில நிமிடங்கள் நிற்கும். பொத்தானை அழுத்தியாயிற்று என்று உடனே மூடியைத் திறந்து கைவைக்காதீர்கள். கையேட்டில் குறித்த நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்த பிறகு தொடுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் ஸ்பிண்டில் கீழே இறங்கி மரத்தில் குத்துகிறது. என்ன செய்ய?

மின்சாரம் போனதும் ஸ்டெப்பரின் பிடி போய்விடும். அச்சை நகர்த்தும் திருகுத்தண்டான பால்ஸ்குரூ மிக வழுக்கலானது. ஸ்பிண்டிலின் எடையே அதைத் திருப்பிச் சுற்றிவிடும். உங்கள் விரல் அதன் கீழே இருந்ததால்தான் பொத்தானையே அழுத்தியிருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இசட் அச்சுக்கு, மின்சாரம் போனால் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டாரைப் போடுங்கள். விலை கையைக் கடித்தால், எடைக்கு எடையான வாயு ஸ்பிரிங் அல்லது சுருள்வில் போதும்; கான்டாக்டரை விடவைத்துவிட்டு ஸ்பிண்டில் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால்?

நல்ல கேள்வி, கிண்ணியாவில் ஓர் ஓடாவியார் கேட்டது. பெரிய மின்னோட்டம் திரும்பத் திரும்ப ஓடினால் தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். விஎப்டி போன்ற பொருள்கள் தொடங்கும்போது கெப்பாசிட்டரை நிரப்ப ஒரு பெரிய மிடறு இழுக்கும், ஆகவே கணக்குக்குச் சரியாக இருக்கும் கான்டாக்டரை வாங்காமல் ஒரு படி பெரிதாக வாங்குங்கள். ஒற்றைக் கட்டத்தில் ஓடும் 2.2 கிலோவாட் விஎப்டிக்கு நான் 25 ஆம்பியருக்குக் குறைந்ததை வைக்க மாட்டேன்.

தொழிற்சாலைகளில் இரண்டு கான்டாக்டர்களைத் தொடராக வைத்து, ஒன்று ஒட்டிக்கொண்டால் அடுத்தமுறை இயந்திரத்தைத் தொடங்கவே விடாத பாதுகாப்பு ரிலே ஒன்றையும் வைப்பார்கள். பொத்தானிலும் இரண்டு தனித்தனி என்.சி. தொடுமுனைகள், இரண்டு தனிக் கம்பிகள். நீங்கள் மட்டும் இயக்கும் சிறிய இயந்திரத்துக்கு ஒரு நல்ல கான்டாக்டரும் ஒழுங்கான சோதனையும் போதும் என்பது என் முடிவு. ஆனால் அந்த ஓடாவியாரிடம் இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். அவரிடம் பாதுகாப்பு ரிலே இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று சொன்னேன், அவரும் வாங்கினார். அடுத்தவர் கைக்கு நாம் பொறுப்பு ஏற்கும்போது, காசுக் கணக்கு வேறு.

மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும்?

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். எங்கள் கொட்டகையிலும் பாதி வெட்டில் நின்றது. மின்சாரம் மீண்டபோது நான் பிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தால்? மேலே சொன்ன 13-14 கம்பி இருப்பதால் கவலையில்லை. கான்டாக்டர் விட்டது விட்டதுதான், பச்சையை அழுத்தாமல் எழும்பாது. கான்டாக்டர் இல்லாமல், ரவுட்டரின் சொந்தச் சுவிட்சை ‘ஓன்’ நிலையில் விட்டு ஓட்டுபவர்களுக்கு அது மின்சாரத்தோடு சேர்ந்தே சுழலத் தொடங்கும். அவசரப் பொத்தானே வேண்டாம் என்பவர்கள்கூட இதற்காகவாவது கான்டாக்டர் வையுங்கள்.

விஎப்டி போட்டதிலிருந்து வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. எர்த் கம்பியைக் கழற்றினால் விழுவதில்லை. விடலாமா?

கூடாது. உடனே திரும்பப் பூட்டுங்கள். விஎப்டியின் வடிகட்டி எர்த்துக்குச் சிறிது மின்சாரத்தைக் கசியவிடும்; 30 மில்லியாம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சுக்கு, வீட்டில் ஏற்கெனவே உள்ள கசிவோடு சேர்ந்து அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. எர்த்தைக் கழற்றினால் அந்தக் கசிவு இயந்திரத்தின் சட்டத்தில் உங்கள் கைக்காகக் காத்திருக்கும். கொட்டகைக்கென்று விநியோகப் பெட்டியிலிருந்து தனி இணைப்பும், விஎப்டிக்கு ஏற்ற தனி ட்ரிப் சுவிட்சும் மின்பணியாளரைக் கொண்டு போடுங்கள். அலுமினியச் சட்டம், ஸ்பிண்டில் உடல், விஎப்டி மூன்றும் ஒரே எர்த் புள்ளியில் சேர வேண்டும். ட்ரிப் சுவிட்ச் மின்கசிவுக்கு மட்டுமே. உங்கள் சட்டைக் கையைப் பிட் சுற்றும்போது அது ஒன்றும் செய்யாது.

கடற்கரை வீடு. உப்புக்காற்று பொத்தானைக் கெடுக்குமா?

கெடுக்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் செம்புக் கம்பியின் நுனி ஒரு வாடைக்காற்றுக் காலத்துக்குள் பச்சை பிடிப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கச்சான் வீசும் மாதங்களிலோ மரத்தூள் காய்ந்து மாவாகி எந்த இடுக்கிலும் புகும். தூசும் நீரும் புகாத, ஐபி65 என்று குறித்த பெட்டி, கம்பி நுழையும் இடத்தில் இறுகும் கிளாண்ட், நுனிகளுக்கு ஈயம் பூசாமல் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) நசுக்கிப் பொருத்துவது: இவை போதும். கம்பியை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழையுங்கள். மேலிருந்து நுழைத்தால் அதன் வழியே ஈரம் வழிந்து நேராகத் தொடுமுனைக்குப் போய்ச் சேரும்.

பொத்தானை எங்கே வைப்பது?

நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் கையை நீட்டாமல் எட்ட வேண்டும். கை பிட்டைத் தாண்டியோ கான்ட்ரி ஓடும் பாதையைக் கடந்தோ போகக் கூடாது. ஒன்று முன்பக்கம், இன்னொன்று கொட்டகை வாசலில், வெளியிலிருந்து வருபவர் அழுத்தும்படி. ஓடும் கான்ட்ரியில் வைக்காதீர்கள்.

வயர்லெஸ் ரிமோட், கைத்தொலைபேசிச் செயலி?

வேலையை இடைநிறுத்த வைத்துக்கொள்ளுங்கள். அவசர நிறுத்தமாக வேண்டாம்.

தினமும் வேலை முடிந்ததும் இதையே அழுத்தி அணைக்கலாமா?

வழக்கமாக நிறுத்த மென்பொருளின் இடைநிறுத்தம் இருக்கிறது. அவசர நிறுத்தத்தால் ஸ்டெப்பர்கள் இடத்தை இழக்கும், பிறகு ஒவ்வொரு முறையும் அச்சுகளை வீட்டுப் புள்ளிக்கு (அவற்றின் தொடக்க இடத்துக்கு) ஓட்டித் தொடங்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் அழுத்துங்கள். ஒரு மரப்பலகை போனால் போகட்டும்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதன்முறை, பிட் இல்லாமல் ஸ்பிண்டிலை முழு வேகத்தில் ஓடவிட்டு, கான்ட்ரியையும் நகரவிட்டு அழுத்துங்கள். கைத்தொலைபேசியில் காணொளி எடுத்தால் எத்தனை விநாடியில் நின்றது என்று எண்ணிப் பார்க்கலாம். பொத்தானை விடுவியுங்கள், எதுவும் அசையக் கூடாது. பிறகு யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதாவது மென்பொருள் செத்ததுபோல் வைத்து, மறுபடியும் சோதியுங்கள். அடுத்து இயந்திரத்தை அணைத்து, 24 வோல்ட் சங்கிலியில் (13-14 துண்டுக் கம்பி தவிர) ஒரு கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடக்கிப் பாருங்கள், கான்டாக்டர் இழுக்கக் கூடாது. அதைப் பூட்டிவிட்டு அடுத்த கம்பி. ஒரு கம்பி இல்லாமலும் கான்டாக்டர் இழுத்தால் எங்கோ குறுக்கு இணைப்பு இருக்கிறது.

அதன்பின் வாரத்தின் முதல் வேலைக்கு முன் ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை. ‘டக்’ சத்தம் கேட்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து கட்டை தலையோடு பூட்டியிருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பான். அவனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கண்ணாடி போடாமல் உள்ளே வரக் கூடாது, பச்சைப் பொத்தான் அப்பாவுக்கு மட்டும், சிவப்பை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம், அழுத்தியதற்காக யாரும் ஏச மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கை நீங்களும் காப்பாற்ற வேண்டும். வீணாக அழுத்தி நல்ல முதிரைப் பலகை ஒன்றைக் கெடுத்தாலும்கூட. வாரச் சோதனையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். வாசலில் உள்ள பொத்தானை அவன் எம்பாமல், குதிக்காமல் அடிக்க முடிகிறதா என்று நின்று பாருங்கள். முடியவில்லையென்றால் இன்றைக்கே அந்தப் பெட்டியைக் கழற்றி ஒரு சாண் கீழே பூட்டுங்கள்.